பனி மனிதனுக்குப் போன தொப்பி

டொராண்டோவில் நேற்று குளிர் கொஞ்சம் இறங்கி வந்தது. மைனஸ் 15-ல் பனி மாவாய் உதிரும், உருட்ட வராது. பூஜ்ஜியத்தை ஒட்டி ஈரம் ஏறினால்தான் கொழுக்கட்டை மாவு போலப் பிடிபடும். மகளும் நானும் மூன்று உருண்டை அடுக்கினோம். மூக்குக்கு கேரட், கண்ணுக்குப் புளியங்கொட்டை (நிலக்கரிக்கு எங்கே போவது?).

தொப்பிக்குத்தான் சண்டை. படங்களில் வரும் உயரமான கறுப்புத் தொப்பி 19-ஆம் நூற்றாண்டுக் கனவான்களுடையது, நம் வீட்டில் ஏது? ஜப்பானில் இரண்டே உருண்டைதான், தலையில் வாளியைக் கவிழ்த்துவிடுவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. என் கம்பளித் தொப்பி போனது. இங்கே அதற்கு டூக் என்று பேர்.

ராத்திரி உறைந்து தலையோடு ஒட்டிக்கொண்டது. காலையில் இழுத்தால் தலையே கையோடு வருகிறது. "அப்பா, விடுங்க!" என்று ஒரே கத்தல். சரி என்று காதைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.