ஆறு மீட்டர் துணியும் ஒரு கணவாயும்

போன முறை இமயமலைக்குப் போனபோது நான் சுமந்த டென்ட் மட்டும் 2.6 கிலோ. மூன்றாம் நாள் ஏற்றத்தில் அதைப் பள்ளத்தில் உருட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அதை விற்றேன். இமாச்சலத்தின் ஹம்ப்டா கணவாய்க்கு நானே தைத்த தார்ப்பாயோடுதான் போவது என்று முடிவு.

"லாரிக்குப் போடுறதையா தலைக்கு மேல கட்டிக்கப் போற?" என்றாள் அக்கா. அவளுக்கு எம்மா கேட்வுட் பாட்டியின் கதையைச் சொன்னேன். 1955-ல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதையை, மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், தனியாக நடந்து முடித்தவர். தோளில் சொந்தமாகத் தைத்த ஒரு துணிப்பை. மழைக்கு, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. அக்கா அசரவில்லை. "அந்தம்மாவோட தைரியத்துல பாதியாவது உனக்கு இருக்கா?"

மொட்டைமாடியில் பழைய பெட்ஷீட்டைக் கட்டி ஒத்திகை பார்த்தேன். பிரமிடு வடிவம் ஆசை காட்டியது. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அசையாது. ஆனால் கம்பு படுக்கைக்கு நட்டநடுவில் நிற்கும், துணியும் வெட்டில் நிறைய வீணாகும். ஓரங்களை வில்போல வளைத்து வெட்டுகிற வகை இன்னொன்று. விறைப்பாக நிற்கும், படபடக்காது, ஆனால் ஒரே கோலத்தில்தான் கட்ட முடியும். கடைசியில் வெறும் செவ்வகம். தாழ்வாகவும் கட்டலாம், உயர்த்தியும் கட்டலாம், மழை இல்லாவிட்டால் விரித்துப் படுக்கவும் செய்யலாம். வழியில் முதல் இரவு தங்குகிற சிக்காவைத் தாண்டினால் கயிறு கட்ட மரம் கிடையாது என்பதால், நடக்கும்போது ஊன்றுகிற இரண்டு கம்புகள்தான் தூண்கள்.

நீலத் தார்ப்பாய் மலிவு. ஆனால் சதுர மீட்டருக்கு 120 கிராம் என்றால், எனக்கு வேண்டிய 2.9-க்கு 2.7 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வந்துவிடும். சிலிகான் பூசிய நைலான் 55 கிராம்தான். மொத்தமே 430 கிராம். ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஆறு மீட்டர் வாங்கி, இரண்டு துண்டாக வெட்டி நடுவில் இணைப்பது என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் தெரு டெய்லர் அண்ணன் துணியைத் தொட்டதுமே, "என்ன தம்பி, விலாங்கு மீன் மாதிரி வழுக்குது" என்றார். குண்டூசி குத்தினால் குத்திய இடமெல்லாம் ஒழுகும். அதனால் காகிதக் கிளிப் மாட்டி நகர்த்தினார். நடு இணைப்பை ஜீன்ஸ் கால் ஓரம்போல மடித்து இரட்டைத் தையல். கயிறு கட்டுகிற மூலைக் காதுகளுக்கு அடியில் இன்னொரு அடுக்குத் துணி வைத்து, கட்டம் போட்டு, குறுக்கே பெருக்கல் குறியாக ஓட்டினார். உலோக வளையம் அடிக்கலாமே என்றேன். "ஓட்டை போட்டா அங்கதான் கிழியும்." அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. தையல் துளைகளை அடைக்க சிலிகான் பசையை டர்பன்டைனில் கரைத்து நான் பூசினேன். நீளவாக்கில் நடுக்காது இரண்டு வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது. அவரைத் தொந்தரவு செய்யாமல் வீட்டிலேயே கையால் தைத்துக்கொண்டேன்.

ஜூலையில் ஜோப்ராவிலிருந்து நானும் நண்பனும் உள்ளூர் வழிகாட்டி ஒருவருமாக நடந்தோம். இரண்டாம் இரவு பாலு கா கேராவில். இந்தியில் பாலு என்றால் மணல், பேருக்கேற்ற இடம். முளை அடித்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது, கயிற்றை இழுத்ததும் அதே சுகத்தில் வெளியே வந்தது. கல்லைக் கயிற்றில் கட்டி முழங்கை ஆழம் புதைத்து, மேலே இன்னொரு கல்லை ஏற்றினோம். கீழிருந்து காற்று ஏறி வந்ததால் அந்தப் பக்கத்தைத் தரையோடு தாழ்த்தி, கணவாய்ப் பக்கத்தைத் திறந்து வைத்தேன்.

பகலில் பள்ளத்தாக்கு சூடாகிக் காற்று மேலேறும், இரவில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து இறங்கும். படித்ததுதான், அந்த நேரத்தில் மறந்துவிட்டது. நள்ளிரவில் மழை நேராக முகத்தில் அடித்தது. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு எழுந்து, அந்த முனையின் கம்பை உருவித் தாழ்த்தி, மறுமுனையை உயர்த்த ஐந்தே நிமிடம். செவ்வகத்தின் அருமையை நினைத்துப் பூரித்தேன். பிரமிடாக இருந்தால் எழுந்திருக்கவே வேண்டாமே என்பது நண்பன் முணுமுணுத்த பிறகுதான் உறைத்தது.

நைலான் ஈரத்தில் நீளும். ஒரு மணி நேரத்துக்குள் நடுப்பகுதி தொய்ந்து மூக்கைத் தொட்டது. பாரம் கட்டும் லாரிக்காரர்கள் கயிற்றிலேயே ஒரு வளையம் போட்டு, கப்பிபோல இழுத்து இறுக்குவார்களே, அந்த முடிச்சைப் போட்டு இழுத்தேன். தொய்வு போனது. கூடவே நடுக்காது ஒன்று நூலோடு பிய்ந்து கையில் வந்தது. விடியும்வரை அந்தப் பக்கத்தை இருவரும் முறைவைத்துக் காலால் உதைத்துப் பிடித்துக்கொண்டோம். மறுநாள் 4,270 மீட்டர் கணவாயைத் தாண்டியதைப் பற்றி எனக்குப் பெரிதாக நினைவில்லை, தூக்கக் கலக்கம்.

ஊர் திரும்பி டெய்லரிடம் கொண்டுபோனேன். நாலு மூலையையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பிய்ந்த இடத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "இது நம்ம தையல் இல்லையே தம்பி" என்றார்.