பெர்த்தில் ஏறி லண்டனில் இறங்கும் வரை

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஏறினால் நேராக லண்டன்தான். 2018-இல் குவான்டாஸ் தொடங்கிய விமானம். சுமார் 14,500 கி.மீ., 17 மணி நேரம். 2023 ஏப்ரலில் நான் போனபோது பக்கத்து இருக்கையில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். உட்கார்ந்ததுமே பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கும் விமானத்தில் தூக்கம் வராது.

மகள் லண்டனில். இரண்டு வருடம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள். அப்புறம் கல்யாணம், 2020 ஆகஸ்டில் குழந்தை. பிரசவத்துக்குப் போக டிக்கெட் எடுத்தாயிற்று. அந்த மார்ச்சில் கொரோனாவுக்காக ஆஸ்திரேலியா எல்லையை மூடியது. சொந்தக் குடிமக்கள் வெளியே போகவும் தனி அனுமதி வேண்டும். 2021 நவம்பரில் சிட்னி பக்கம் திறந்தும், பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியா மாநிலம் 2022 மார்ச் 3 வரை இழுத்தடித்தது. இவர் போய்ச் சேர்ந்தபோது பேத்தி ஓடியாடிக்கொண்டிருந்தாள். “போனில் என்னைக் கழுத்து வரைக்கும்தான் பார்த்திருக்கிறாள். எனக்குக் கால் இருப்பதைக் கண்டு மிரண்டுவிட்டாள்” என்று சிரித்தார்.

அவரே இங்கிலாந்தில் பிறந்தவர்தான். போருக்குப் பிறகு ஆஸ்திரேலியா ஆள் சேர்த்த காலம். கப்பல் கட்டணம் பெரியவர்களுக்கு 10 பவுண்ட்தான், பிள்ளைகளுக்கு இலவசம்; இரண்டு வருடத்துக்குள் திரும்பினால் பயணச் செலவை நாமே கட்ட வேண்டும். நான்கு வயதில் கப்பலில் வந்து பெர்த் பக்கத்துத் துறைமுகமான ஃப்ரீமான்டிலில் இறங்கியிருக்கிறார். அவருடைய அம்மா கடைசிவரை இங்கிலாந்தைத்தான் ‘ஹோம்’ என்பாராம். “பாட்டி செத்தது கடிதத்தில்தான் தெரிந்தது. அம்மா நின்றபடியே படித்தாள். மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு, மிச்ச உருளைக்கிழங்கையும் சீவினாள்.”

போன மாதம் மகள் ஸ்பெயினில் விடுமுறை முடிந்து, ‘ஹோம் வந்துவிட்டோம்’ என்றாளாம். எந்த ஹோம் என்று கேட்க வாய் வரை வந்ததாம். தமிழில் இந்த வம்பு கொஞ்சம் குறைவு, வீடு வேறு, ஊர் வேறு. சொன்னேன். ‘ஊர்’ என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். கடைசி எழுத்து அவர் வாயில் நிற்கவில்லை.

விடிகாலை ஹீத்ரோ. பெட்டி வந்ததும் அங்கேயே திறந்து, சாக்ஸில் சுற்றிய வெஜிமைட் பாட்டிலைத் தடவிப் பார்த்தார். ரொட்டியில் பூசும் கரிய உப்புப் பசை. ஆஸ்திரேலியர்கள் அதிலேயே வளர்கிறார்கள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கியதில்லை. லண்டனில் கிடைக்காதா என்றேன்.

“கிடைக்கும், மகள் வாங்கமாட்டாள். அவளுக்கு இங்கத்து மார்மைட் பழகிவிட்டது” என்று பெட்டியை மூடினார். “இது சின்னவளுக்கு.”