வேண்டுதல் எதுவும் இல்லை

ஏப்ரல் 7, 2024, ஞாயிறு

மீனும் கறியும் விட்டு இன்றோடு 11 நாள். மார்க்கெட்டுக்கு அப்பா தனியாகப் போய் சங்கரா வாங்கி வந்தார். அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நேத்து சரக்கு. அவன் போயிருந்தா இத வாங்கியிருப்பானா?" என்றாள். நான் கூடத்தில்தான் இருந்தேன். எட்டு வயதில் அப்பா கற்றுக் கொடுத்தது இது. செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கணும், கண் குழி விழுந்திருக்கக் கூடாது, விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. இப்போது அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. இந்த வீட்டில் மீன் பார்த்து வாங்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஏப்ரல் 8

ரசம், அப்பளம்.

ஏப்ரல் 10, புதன்

தோசையில் மீன் வாசனை. அதே கல்லில்தான் மதியம் வறுத்திருக்கிறாள். ஒன்றும் சொல்லாமல் தட்டைப் பார்த்தேன், அதற்கே அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "புளி போட்டு ரெண்டு வாட்டி தேச்சேன். இன்னும் அடிக்குதுன்னா இன்னா பண்ணச் சொல்ற?" சாப்பிட்டேன்.

அந்த வாசனை எனக்குப் பிடிக்கவில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குழம்பு கொதிக்கும்போது இன்னமும் வாய் ஊறுகிறது. வெறுத்துப் போய் விட்டிருந்தால் சொல்லிப் புரியவைப்பது சுலபமாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. வடை, பாயசம், வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடி. 18 நாளில் முதல் தடவையாக எல்லோரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டோம். அம்மா எனக்கு இரண்டு முறை பரிமாறினாள்.

நாளையிலிருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஜூன் 14 வரைக்கும். அப்பா விலை ஏறிவிடும் என்றார். அம்மாவுக்கு வேறு கவலை. தங்கச்சிக்கு மே கடைசியில் பிரசவத் தேதி கொடுத்திருக்கிறார்கள். "புள்ள பெத்தவளுக்குப் பால் ஊறணுமே, பால் சுறாவுக்கு எங்க போறது?"

ஏப்ரல் 19

ஓட்டுப் போட வரிசையில் நிற்கும்போது எதிர்வீட்டு அக்கா கேட்டார்: "மாலை போட்டிருக்கியாமே தம்பி?" இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு?" வெயில் மண்டையைப் பிளந்தது. பதில் சொல்வதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

ஏப்ரல் 21, ஞாயிறு

மீன்காரரின் அந்த அன்னக்கூடை.

விரால் மற்ற மீன் மாதிரி இல்லை. செவுளுக்கு மேலே தலைக்குள் ஓர் அறை இருக்கிறது, காற்றை நேராக இழுத்துக்கொள்ளும். ஏரி வற்றினாலும் சேற்றுக்குள் கிடந்து தாக்குப் பிடிக்கும். அதனால்தான் காலை ஐந்து மணிக்கு வந்த மீன் பத்து மணிக்கும் இரண்டு விரல் தண்ணீரில் உயிரோடு கிடக்கிறது. 'உசுரு மீனு' என்று விலையும் கூட. துள்ளினால்தான் நல்ல மீன். இருபது வருஷமாக நான் துள்ளலைப் பார்த்துத்தான் கை காட்டியிருக்கிறேன். எது அதிகம் துடிக்கிறதோ அதை.

அன்றைக்கும் அப்படித்தான் கை காட்டினேன். மீன்காரர் சாம்பலைத் தொட்டுக் கல்லில் வைத்துத் தேய்த்தார். பாதித் தேய்ப்பில் யாரோ சில்லறை கேட்டார்கள், எழுந்து போய்விட்டார். அவர் மேல் குற்றம் எதுவும் இல்லை, கை வேகமானவர், எத்தனையோ வருஷப் பழக்கம். அந்த ஒரு நிமிஷம் நானும் அதுவும் மட்டும் இருந்தோம். ஒரு பக்கம் செதில் போய், மேலெல்லாம் சாம்பலாக, வாயைத் திறந்து திறந்து மூடியது. காற்று இருக்கிறது, அதனால் சாக முடியவில்லை. நான் வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா குழம்பு வைத்தாள். சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. மறுநாளிலிருந்து முடியவில்லை.

இதை வீட்டில் சொன்னதில்லை. அப்பாவோடு மார்க்கெட் போன ஞாயிற்றுக்கிழமைகள்தான் என் சின்ன வயதில் எனக்குப் பிடித்ததெல்லாம். அதைத் தப்பு என்று சொல்வது மாதிரி ஆகிவிடும்.

ஏப்ரல் 25

தங்கச்சி வந்துவிட்டாள். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது.

ஏப்ரல் 27, சனி

அம்மாவுக்கு இரட்டை வேலை, அதுவும் என்னால். இனி எனக்கானதை நானே சமைப்பது என்று முடிவு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி வந்தேன். போன வருஷம் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எல்லோரும் இதைப் பற்றிப் பேசுகிறார்கள், ஆனால் எங்கள் வீட்டில் இந்தக் காய் என்றாலே நெத்திலிக் கருவாட்டோடுதான். கருவாடு இல்லாமல் புளிக்குழம்பு வைத்தேன். சப்பென்று இருந்தது.

நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மா கரண்டியால் எடுத்து ருசி பார்த்திருக்கிறாள். தங்கச்சிதான் சொன்னாள். சாயந்திரம் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்: "பூண்ட நல்லெண்ணெய்ல செவக்க வுடணும். காய எண்ணெய்லயே முக்கா பாகம் வேக வுடு. வெந்தயத்த வறுத்துப் பொடி பண்ணி கடைசில போடு." எழுதி வைத்துக்கொண்டேன்.

மே 4, சனி

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். யாருக்கும் தூக்கமில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அம்மாவின் பிடிவாதத்துக்காகப் போனது. ஹீமோகுளோபின் 14, பி12 அளவுக்குள் இருக்கிறது. பி12 கீரையிலோ பருப்பிலோ கிடையாது, பாலிலும் தயிரிலும் உண்டு, கல்லீரலிலேயே சில வருஷத்துக்கான சேமிப்பு இருக்கும் என்று சொன்னேன். "சில வருஷம் கழிச்சு?" என்றாள். தேவைப்பட்டால் மாத்திரை போட்டுக்கொள்வேன் என்றேன். "சோறு துன்ன வேண்டிய புள்ள மாத்திரை துன்னுவானாம்." கண் கலங்கிவிட்டாள். அவளுக்கு இது சாப்பாட்டுச் சண்டை இல்லை, நான் மெலிந்து போய்விடுவேன் என்ற பயம். அது தெரிந்ததும் எனக்கும் குரல் இறங்கிவிட்டது.

மே 9, வியாழன்

சொல்லியிருக்கக் கூடாதோ.

பால் சுறா பேச்சு மறுபடி வந்தது. சுறா சின்ன மீன்களைத் தின்று வளர்வது, அவற்றில் இருக்கும் பாதரசமெல்லாம் அதன் உடம்பில் சேர்ந்துவிடும், கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது என்று சொன்னேன். நெத்திலியோ மத்தியோ கொடுங்கள், அதில் அந்தப் பயம் குறைவு, குழந்தையின் மூளைக்கும் நல்லது என்றும் சொன்னேன். மத்தி கொடுங்கள் என்று நானே சொன்னேன்! அது யார் காதிலும் விழவில்லை. "நீ வுட்டதும் இல்லாம, பச்சை உடம்புக்காரி வாயையும் கட்டப் பாக்குறியா?"

உண்மையைச் சொன்னாலும் இனி சைவத்துக்காகச் சொல்கிறேன் என்றுதான் ஆகும். ராத்திரி முழுக்க இதுவேதான். எனக்குள்ளேயே தேடிப் பார்த்தேன், அந்த அன்னக்கூடைக்காகச் சொன்னேனா, அவளுக்காகவா? அவளுக்காகத்தான். ஏறக்குறைய.

மே 14, செவ்வாய்

குடியாத்தம். வைகாசி முதல் நாள், கெங்கையம்மன் சிரசு ஊர்வலம். தங்கச்சியையும் துணைக்கு அத்தையையும் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் போனோம். கூட்டத்தில் சிரசைத் தூரத்திலிருந்துதான் பார்க்க முடிந்தது.

மாமா வீட்டில் பந்தி. இலையில் கறி விழும் முன்னால் கையை வைத்து மறித்தேன். பேச்சு அப்படியே நின்றுவிட்டது. மாமா, "இன்னா மாப்ள, எங்க வூட்டுச் சோறு ஆகாதா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆயா முந்திக்கொண்டாள்: "தங்கச்சிக்கு நல்லபடி ஆகணும்னு வேண்டிக்கினு இருக்கான். கொழந்த பொறக்குற வரைக்கும் தொட மாட்டான்."

ஒரே நொடியில் எல்லோர் முகமும் மாறிவிட்டது. மாமா எழுந்து வந்து தோளைத் தட்டினார். மாமா வீட்டு அத்தை தனியாகப் பருப்புக் கடைந்து கொண்டுவந்தாள். அம்மா ஆயாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவளும் நம்பிவிட்டாள்.

நான் மறுக்கவில்லை.

மே 15

மறுக்கவில்லை.

மே 16, வியாழன்

அம்மா எனக்காகப் புதுத் தோசைக்கல் வாங்கி எண்ணெய் தடவி வைத்திருக்கிறாள். 50 நாளாகக் கேட்கத் தயங்கியது, சாமி பேரைச் சொன்னதும் இரண்டே நாளில் வந்துவிட்டது. புரட்டாசியில் நாங்களெல்லோரும் ஒரு மாதம் கவுச்சி தொடாதவர்கள்தானே. சாமிக்காக விட்டால் புரிகிறது. மீனுக்காக விட்டால்தான் புரியவில்லை.

மே 20

தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காகவாண்ணா?" என்று அழுதாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இதைவிடக் கேவலமாக நான் என்றும் உணர்ந்ததில்லை.

மே 28, செவ்வாய்

காலை 4.40. பெண் குழந்தை, 2.9 கிலோ. இரண்டு பேரும் நலம். அப்பா ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து விசும்பினார்.

மே 31, வெள்ளி

நாளையிலிருந்து மேற்குக் கடற்கரையிலும் தடை. மங்களூர்ச் சரக்கு வருவதும் நின்றுவிடும். அதனால் இன்றைக்கே பால் சுறா வேண்டும், அப்பாவால் முடியாது, நான் போனேன். இரண்டு மாதம் கழித்து அந்த ஈரத் தரை. பார்த்ததும் மீன்காரர், "இன்னா தம்பி, ஊர்லயே இல்லையா?" என்றார். அன்னக்கூடைப் பக்கம் திரும்பவில்லை. இருந்ததிலேயே சின்னதாகப் பார்த்து, அழுத்திப் பார்த்து, இரண்டு எடுத்தேன். விரல் எதையும் மறக்கவில்லை.

அம்மா மீனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதான் மீனு" என்றாள். புட்டுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தேன். மீதி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. தங்கச்சி ருசித்துச் சாப்பிட்டாள். சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஜூன் 2, ஞாயிறு

அப்பா விரால் வாங்கி வந்திருந்தார். எனக்காக.

"வேண்டுதல்தான் முடிஞ்சுதே" என்று அம்மா நடுத்துண்டை என் தட்டில் வைத்தாள். சின்ன வயதிலிருந்தே நடுத்துண்டு எனக்குத்தான். ஆயா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேண்டுதல் எதுவும் இல்லைம்மா" என்றேன். எதுவும் ஒளிக்காமல் சொன்னேன், கல், சாம்பல், அந்த ஒரு நிமிஷம், வாய் திறந்து திறந்து மூடியது. அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்க சாப்பிடுங்கப்பா, உங்கள நான் ஒண்ணும் சொல்லலைப்பா" என்று கெஞ்சினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

உள்ளறையில் தங்கச்சிக்கும் கேட்டிருக்கும்.

ஜூன் 3

குழந்தையின் கண் மஞ்சளாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம்.

ஜூன் 4, செவ்வாய்

நீல விளக்கின் கீழே வைத்திருக்கிறார்கள். பிறந்த குழந்தைகளுக்கு இது சகஜம், இரண்டு நாளில் இறங்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். நம்புகிறேன். வராந்தா டிவியில் ஓட்டு எண்ணிக்கை, எல்லோரும் அங்கே போய் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

அம்மா மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்: "நெசமாவே நீ ஒண்ணும் வேண்டிக்கலையா?"