நாளம்

பிப்ரவரி 4
டாக்டர் பார்த்துவிட்டார். விரலால் அழுத்தினால் உள்வாங்கிய மார்புக் காம்பு இரண்டும் வெளியே வருகின்றன, கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்விடுகின்றன. இரண்டாம் நிலை என்று எழுதினார். முதல் நிலையில் வந்தது அப்படியே நிற்குமாம், மூன்றாம் நிலையில் இழுத்தாலும் வராதாம். பிறவியிலிருந்தே இப்படித்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நன்றாக இருந்த காம்பு புதிதாக உள்வாங்கினால், முதலில் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். எனக்கு எப்போதும் இப்படித்தான். உறிஞ்சி இழுக்கும் கருவியையும் வைத்துப் பார்த்தாயிற்று.

பிப்ரவரி 5
ஆபரேஷன் என்றால், பால் வரும் நாளத்தை வெட்டுவார்களா?

பிப்ரவரி 9
தூக்கமே வரவில்லை. காம்புக்கு அடியில் நார்த்திசு இறுகி, பால் நாளங்களும் குட்டையாக இருப்பதால்தான் உள்ளே இழுபடுகிறது. நாரை மட்டும் பிரித்து நாளங்களை விட்டுவைக்கலாம், ஆனால் மறுபடி உள்ளே போக வாய்ப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் வெட்டினால் காம்பு நிற்கும், தாய்ப்பால் கொடுக்க முடியாமல் போகும். கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் குழந்தையைப் பற்றி என்ன கவலை என்கிறாள் அக்கா. வெட்டிய பிறகா கவலைப்படுவது? இப்படியே விட்டாலும் பலரால் பால் கொடுக்க முடிகிறது. குழந்தை சுற்றியிருக்கும் கருவட்டத்தையும் சேர்த்துத்தான் கவ்வும். அப்படியானால் ஆபரேஷன் எதற்கு? எனக்காக. உடை மாற்றும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது போதும்.

பிப்ரவரி 10
நாளங்களை விட்டுவைக்கச் சொல்லிவிட்டேன். மறுபடி உள்ளே போனால் போகட்டும்.

மார்ச் 2
முடிந்தது. மரத்துப்போக ஊசி போட்டபோதுதான் வலி. விழித்துக்கொண்டே படுத்திருந்தேன். காம்பின் அடியில் சின்னக் கீறல், உள்ளே சுருக்குப்பை வாயைக் கட்டுவது போல ஒரு தையல். காம்பு அழுந்தாமலிருக்க நடுவில் ஓட்டை விட்ட பஞ்சுக்கட்டு. "முடிஞ்சவரை நாளத்தைத் தொடலைம்மா. இடப்பக்கம் ஒண்ணு ரெண்டு போயிருக்கலாம்" என்றார் டாக்டர்.

மார்ச் 3
ஒன்றா, இரண்டா?

மார்ச் 6
கவிழ்ந்து படுக்கக் கூடாது, இறுக்கமான உள்ளாடை கூடாது. அக்காதான் தலைவாரி விடுகிறாள். எரிந்து எரிந்து விழுகிறேன், பாவம்.

மார்ச் 11
இடது காம்பில் தொட்டால் ஒன்றுமே தெரியவில்லை. யாருடையதையோ தொடுவது போல இருக்கிறது. உணர்ச்சி திரும்ப வாரங்கள் ஆகலாம், மாதங்கள்கூட ஆகலாம், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. முன்பே சொன்னார்கள்தான். நாளத்தையே நினைத்துக்கொண்டிருந்ததில் இது காதில் ஏறவில்லை.

மார்ச் 16
வெளித்தையலைப் பிரித்தார்கள். இரண்டும் நிற்கின்றன! கதவைத் தாழிட்டுக்கொண்டு வெகுநேரம் கண்ணாடியில் பார்த்தேன். அழுகை வந்தது. நல்ல அழுகை.

மார்ச் 24
வலப்பக்கம் அப்படியே இருக்கிறது. இடது சற்றுத் தாழ்ந்த மாதிரி தெரிகிறது. வீக்கம் வடிந்ததால் இருக்கும் என்கிறாள் அக்கா. அந்தப் பக்கம்தான் நாளம் போயிருக்கலாம் என்றார். நாளமும் போய், காம்பும் உள்ளே போனால்?

மார்ச் 25
போன் செய்தேன். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் குளிக்கும்போது இடது காம்பில் லேசாகச் சுருக்கென்றது. தண்ணீர் பட்டதாலா என்று இன்னொரு முறை