மி-17: வால் தண்டு ஒருவழியாக முடிந்தது

பிளாஸ்டிக் மாடல் ஹெலிகாப்டரின் வால் தண்டில் இருந்த துளைகளை அடைத்து, நான்காவது தடவை பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய பூச்சு) அடித்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். துளை இருந்த தடமே தெரியவில்லை. மூன்று வாரம் இந்த ஆறு துளைகளுக்கே போனது, ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது.

கட்டுவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு, அதாவது 1/72 அளவு மி-17. கார்கில் போரில் 1999 மே 28 அன்று தோலோலிங் மலையில் ராக்கெட் தாக்குதல் நடத்திவிட்டு விலகும்போது ஸ்டிங்கர் ஏவுகணை பட்டு விழுந்ததே, நுப்ரா என்று பெயரிட்ட விமானப்படை அணியின் ஹெலிகாப்டர், அதுதான். 152-வது ஹெலிகாப்டர் பிரிவு. அதில் இருந்தவர்கள் ஸ்க்வாட்ரன் லீடர் ராஜீவ் புந்திர், ஃப்ளைட் லெப்டினன்ட் சுப்ரமணியம் முகிலன், சார்ஜென்ட் பி.வி.என்.ஆர். பிரசாத், சார்ஜென்ட் ராஜ் கிஷோர் சாஹு. நால்வருக்கும் மறைவுக்குப் பின் வாயு சேனா பதக்கம் கொடுத்தார்கள். முகிலன் என்று எவ்வளவு அழகான பெயர்! கார்கில் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நண்பர்களுக்குக்கூட அந்தப் பெயர் தெரியவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் கிட்டையே வாங்கினேன்.

சரி, துளைக்கு வருகிறேன். ஸ்டிங்கர் எஞ்சின் சூட்டைத் தேடி வரும். ஃப்ளேர் எனும் தீப்பொறிக் குண்டைக் கொளுத்திப் போட்டால் அந்தச் சூட்டுக்கு ஏமாந்து விலகிப்போக வாய்ப்பு உண்டு. இவர்கள் பறந்த ஹெலிகாப்டரில் ஃப்ளேர் கருவி இல்லை. என் கிட்டிலோ அந்தப் பெட்டிகளை ஒட்டுவதற்கென்றே வால் தண்டில் துளை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பெட்டி வேண்டாம், துளையை மூடு, அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

முதலில் புட்டி. காய்ந்ததும் சமமாக இருந்தது, இரண்டு நாளில் உள்வாங்கிக் குழி விழுந்தது. அடுத்து சூப்பர் க்ளூ. அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாக இறுகிவிடுகிறது. தேய்க்கத் தேய்க்கச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பள்ளமாகி, க்ளூ மட்டும் பரு மாதிரி நின்றது. கடைசியில் கைகொடுத்தது கிட்டின் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டமேதான். அதில் ஒரு துண்டை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்து, துளைக்குச் சரியான பருமனில் வெட்டிச் செருகி, லிக்விட் சிமென்ட் (பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் திரவப் பசை) விட்டு, ஒரு வாரம் தொடவே இல்லை. உடம்பும் அடைப்பும் ஒரே பிளாஸ்டிக் என்பதால் ஒன்றுபோலத் தேய்ந்தது. அழிந்த ரிவெட் வரிசையை டைமோ டேப் (தடித்த லேபிள் பட்டை) ஒட்டி, ஊசியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்தி மீட்டேன்.

தேய்க்க வெளிநாட்டுச் சாண்டிங் ஸ்டிக் எல்லாம் தேவையில்லை. ஃபேன்ஸி ஸ்டோரில் விற்கும் நகம் தேய்க்கிற பட்டை இந்த வளைவுக்கு நன்றாகவே உட்காருகிறது. லிக்விட் சிமென்ட்தான் இங்கே கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு பாட்டில் விலையைத் தாண்டுகிறது. யாராவது மொத்தமாக வாங்கினால் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அடுத்து 57 மி.மீ. ராக்கெட் கூடுகள். ஒவ்வொன்றிலும் 32 குழல், வாயெல்லாம் அடைபட்டு வந்திருக்கிறது, துளைத்தாக வேண்டும். இதற்குள் அதே போரில் மே 27 அன்று உயிரிழந்த ஸ்க்வாட்ரன் லீடர் அஜய் அஹுஜாவின் மிக்-21 போர் விமானத்துக்கும் கிட் பார்த்து வைத்துவிட்டேன். மி-17இலோ மேல் சுழலியின் ஐந்து இறக்கைகளும் இன்னும் சட்டத்தில்தான் இருக்கின்றன. வால் சுழலி மட்டும் பொருத்திப் பார்த்தேன். மி-17க்கு அது இடப்பக்கம் வரவேண்டும், அதற்கு முந்தைய மி-8 படம் பார்த்துக் கட்டுகிறவர்கள் கவனிக்கவும்.

பீடத்துக்குப் பித்தளைத் தகடு செதுக்கக் கொடுத்தாயிற்று. பைலட் பெயரைப் பெரிதாகப் போடவா என்று கடைக்காரர் கேட்டார். நான்கு பெயரும் ஒரே அளவில் போடுங்கள் அண்ணா என்றேன். வெள்ளிக்கிழமை தருகிறாராம்.