எதை வைத்துச் சொல்றீங்க?

வேறு ஒர்க்ஷாப்பில் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் அதிகம். அவர்கள் கொண்டுவரும் பழைய பில்களை வாங்கிப் பார்த்தால், அதில் அப்பட்டமான திருட்டு என்று சொல்லத்தக்கது குறைவு. பெரும்பாலும் யாரோ சோதித்துப் பார்க்காமல் ஊகித்திருப்பார்கள். ஊகம் தப்பியதும் அடுத்த பாகத்தை மாற்றியிருப்பார்கள், அதுவும் சரிவராமல் அதற்கடுத்ததையும். வண்டிக்காரருக்கு இரண்டும் ஒரே நஷ்டம்தான். முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் டெக்னீஷியன், அப்புறம் அங்கேயே சர்வீஸ் அட்வைசர், இப்போது கோயம்புத்தூரில் சொந்தமாகச் சின்ன ஒர்க்ஷாப் என்று மூன்று இடத்திலும் நின்றிருக்கிறேன். பொய் சொல்கிறவரிடமிருந்தும் அவசரக்காரரிடமிருந்தும் வண்டிக்காரரைக் காப்பாற்ற ஒரே கேள்வி போதும் என்பது என் நம்பிக்கை: “இந்தப் பார்ட்தான் போயிருக்குன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?”

ஒரு டாக்ஸி டிரைவரின் டீசல் கார். காலையில் செல்ஃப் சரியாக எடுக்காது, இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகும். விடியற்காலை ஏர்போர்ட் சவாரிதான் அவருக்குப் பிழைப்பு என்பதால் பதறிப்போய், சொன்னதையெல்லாம் மாற்றியிருந்தார். முதலில் பேட்டரி, இரண்டு வாரம் கழித்துச் செல்ஃப் மோட்டார். என்னிடம் வந்தவர், “ஆல்டர்னேட்டரையும் மாத்திக் குடுத்துருங்கண்ணா, மத்த ரெண்டும் புதுசுங்க” என்றார். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரியைச் சார்ஜ் செய்கிற பாகம் அது. மாற்றிக் கொடுத்திருந்தால் மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

மல்டிமீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். வண்டி நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட், அதாவது முழுச் சார்ஜ். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஏசி புளோயரும் போட்டுப் பார்த்தால் பேட்டரி முனையில் 13.7. கொஞ்சம் குறைவுதான். அவசரக்காரர் இந்த இடத்தில் ஆல்டர்னேட்டருக்கு ஆர்டர் போட்டுவிடுவார். அதே மீட்டரை ஆல்டர்னேட்டரிலேயே வைத்துப் பார்த்தபோது 14.3 காட்டியது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. கொடுக்கிற மின்சாரம் வழியில் எங்கோ தொலைகிறது.

அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கின் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்துக்கொண்டு, பையனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அந்த இடத்தில் 0.2 வோல்ட் அளவுக்குத்தான் இருக்கலாம். 1.5 காட்டியது, அதாவது பேட்டரிக்கு மின்சாரம் திரும்புகிற எர்த் வழியில் தடை இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வரும் எர்த் கேபிளைக் கழற்றினோம். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முனையில் இருந்த ரப்பர் உறையை உரித்தபோது உள்ளே செம்புக் கம்பி பச்சைப் பொடியாகப் பூத்திருந்தது. டிரைவரைக் கூப்பிட்டு விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சில நூறு ரூபாய் கேபிள். பழைய பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறாமல் தவித்ததும், செல்ஃப் மோட்டார் சோர்ந்ததும் இதே காரணத்தால்தான். அந்த இரண்டையும் மாற்றச் சொன்ன மெக்கானிக் நேர்மையற்றவர் என்று நான் சொல்லமாட்டேன். பேட்டரி பலவீனமாகத்தான் தெரிந்திருக்கும், செல்ஃப் மோட்டாரும் சோம்பலாகத்தான் சுற்றியிருக்கும். ஏன் என்று ஒரு படி பின்னால் போய்ப் பார்க்க அவருக்குப் பொறுமை இருந்திருக்காது.

இப்போதெல்லாம் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் வந்துவிட்டதே, கம்ப்யூட்டரே சொல்லிவிடுமே என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நினைப்பால் தேவையில்லாமல் மாறிய பாகங்களை என் கண்ணாலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் 1996-இல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமான ஓபிடி-2 என்ற, வண்டியின் கம்ப்யூட்டர் தானே கோளாறைப் பதிவு செய்யும் முறையைத்தான் இன்று உலகம் முழுக்கப் பல கம்பெனிகள் பின்பற்றுகின்றன. அதில் வரும் கோடு, அதாவது கோளாறுக் குறியீட்டு எண், இன்ன அளவு வரம்பைத் தாண்டிவிட்டது என்று மட்டும் சொல்லும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. ஸ்கேனரில் வருவது போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கும் புகார் மாதிரி. விசாரணை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

பி0171 என்று ஒரு கோடு அடிக்கடி வரும். பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் கலக்கிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்துச் சொல்வது ஆக்ஸிஜன் சென்சார் என்பதால், பல இடங்களில் அந்தச் சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள். உண்மையைச் சொன்ன சாட்சியைத் தண்டிக்கிற வேலை இது. காரணம் விரிசல் விட்ட வாக்யூம் ஹோஸாக இருக்கலாம், ஏர்ஃபுளோ சென்சாரில் அழுக்கு, சோர்ந்துபோன பெட்ரோல் பம்ப், அடைத்த இன்ஜெக்டர் என்று எதுவாகவும் இருக்கலாம். ஸ்கேனரிலேயே ஃபியூவல் டிரிம் என்ற அளவை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது அந்த அளவு அதிகமாக இருந்து, 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் இறங்கினால் எங்கோ காற்று உள்ளே கசிகிறது. லோடு கொடுக்கக் கொடுக்க ஏறினால் பெட்ரோல் போதவில்லை. சில நிமிட வேலைதான்.

மிஸ்ஸிங் கம்ப்ளைன்ட்டில் இன்னும் எளிது. பி0301 வந்தால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிளக்குக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன் காயில் தனித்தனியாக இருக்கிற வண்டியில், முதல் காயிலை இரண்டாவதில் மாட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடு பி0302 என்று மாறினால் காயில்தான் போயிருக்கிறது. மாறாமல் முதல் சிலிண்டரிலேயே நின்றால் அடுத்து பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன். இதைச் செய்யாமல் நான்கு காயிலையும் நான்கு பிளக்கையும் சேர்த்து மாற்றச் சொல்கிற எஸ்டிமேட்டைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. பிளக் அதன் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் சரி, நான்கையும் மாற்றட்டும். நல்ல மூன்று காயிலைத் தூக்கிப் போட என்ன நியாயம்?

கோடை வந்தால் ஏசி. “கேஸ் கம்மியா இருக்கு, போட்டுறலாம்” என்று ஒவ்வொரு வருஷமும் கேஸ் ஏற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். காரின் ஏசி மூடிய அமைப்பு, அதில் இருக்கிற கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. வருஷா வருஷம் குறைகிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. நைட்ரஜன் அடைத்து பிரஷர் இறங்குகிறதா என்று பார்க்கலாம், சாயம் கலந்து விட்டு அல்ட்ரா வயலட் லைட் அடித்துப் பார்க்கலாம். லீக்கைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றுகிறவர், அடுத்த ஏப்ரலிலும் நீங்கள் வருவீர்கள் என்று தெரிந்தேதான் ஏற்றுகிறார். கேஸ் சரியாகவே இருந்து, கேபின் ஃபில்டர் தூசி அடைத்துக் காற்றே வராத வண்டிகளும் உண்டு. கண்டென்சர் ஃபேன் சுற்றாததால், ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றால் சூடாக அடிக்கிற வண்டிகளும் உண்டு. கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் பிரஷர் கேஜில் என்ன இருந்தது என்று கேளுங்கள். கேஜே மாட்டாமல் கேஸ் குறைவு என்று யாராலும் சொல்ல முடியாது.

அட்வைசராக இருந்த காலத்தில்தான் இன்னொரு பக்கம் எனக்குப் புரிந்தது. அந்த இடத்தின் பெயர் வேண்டாம். மாதம் இத்தனை இன்ஜெக்டர் கிளீனிங், இத்தனை இன்ஜின் ஃப்ளஷ், இத்தனை ஏசி கிருமிநாசினி டிரீட்மென்ட் விற்க வேண்டும் என்று டார்கெட் வைத்திருந்தார்கள். மாதக் கடைசி வந்தால், கூட வேலை பார்த்த நல்ல மனிதர்களே வண்டியைச் சரியாகப் பார்க்காமல் அந்த வரிகளை எஸ்டிமேட்டில் சேர்ப்பதைக் கண்டேன். அவர்கள் வீட்டு வாடகை அந்த இன்சென்டிவில் இருந்தது. 1992-இல் கலிபோர்னியாவிலும் இதுதான் வெளியே வந்தது. அந்த மாநிலத்தின் வாகனப் பழுதுபார்ப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு, தன் ஆட்களைச் சாதாரண வாடிக்கையாளர்கள் போல சியர்ஸ் நிறுவனத்தின் கார் சர்வீஸ் மையங்களுக்கு அனுப்பியது. தேவையில்லாத ரிப்பேர்களைத் தலையில் கட்டுகிறார்கள் என்று அரசு குற்றம்சாட்டியது. அங்கேயும் அட்வைசர்களுக்குக் கமிஷனும் டார்கெட்டும் இருந்தன. விஷயம் பெரிதானதும் நிறுவனம் அந்தக் கமிஷன் முறையைக் கைவிட்டது.

அதனால் சர்வீஸுக்கு விடுவதற்கு முன் வண்டியோடு கொடுத்த ஓனர்ஸ் மேனுவலில் மெயின்டனன்ஸ் அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். இத்தனை கிலோமீட்டருக்கு இன்னது என்று தயாரித்த கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொன்னால், என் வண்டியில் எதைப் பார்த்துவிட்டு இது தேவை என்கிறீர்கள் என்று கேட்கலாம். பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்றால் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். புதுப் பேட் பொதுவாகப் பத்து மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், மூன்றுக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். ஆறு இருக்கிற பேடுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

வண்டிக்காரர்கள் பக்கத்திலும் ஒரு பழக்கம் மாற வேண்டும். தீர்ப்போடு வருகிறார்கள். “கிளட்ச் மாத்தணும்”, “ஷாக் அப்சார்பர் போயிடுச்சு” என்று சொன்னால், செய்ய வேண்டிய வேலையை எழுதுகிற ஜாப் கார்டில் அப்படியே ஏறிவிடும், பாகமும் மாறிவிடும், சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். நீங்களே கேட்டீர்கள் என்பதால் யாரையும் குறை சொல்லவும் முடியாது. என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா? எந்த வேகத்தில்? பிரேக் பிடிக்கும்போதா, திருப்பும்போதா? ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போது முன்பக்கம் ‘டக்’ என்று சத்தம் வந்தால் அது ஸ்டெபிலைசர் லிங்க் ஆகவும் இருக்கலாம், லோயர் ஆர்ம் புஷ் ஆகவும் இருக்கலாம், ஷாக் அப்சார்பர் மவுண்ட் ஆகவும் இருக்கலாம். விலையில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தச் சத்தம் வருகிற ரோட்டிலேயே ஓட்டிக் காட்டுங்கள். பிறகு லிஃப்டில் ஏற்றி, எந்த ஜாயின்ட் ஆடுகிறது என்று கம்பி போட்டு நெம்பிக் காட்டச் சொல்லுங்கள். காலையில் மட்டும் வருகிற கோளாறு என்றால் முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிடுவது நல்லது.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். சோதிப்பதற்கு நேரம் ஆகும், அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க நம் ஊரில் மனசு வருவதில்லை. “சும்மா பாத்துச் சொல்லுங்க” என்பார்கள். அதே ஆள், வேண்டாத ஒரு பாகத்துக்கு ஆறாயிரம் கேட்டால் கொடுத்துவிடுவார், கையில் ஒரு பொருள் வருகிறதல்லவா. ஒயரிங்கில் ஒரு கோளாறைத் தேடி அரைநாள் படுத்துக் கிடந்த எலக்ட்ரீஷியனுக்கு ஐநூறு ரூபாய் கொடுக்கப் பேரம் நடக்கும். ஸ்பேர்ஸில் கிடைக்கிற லாபம்தான் சம்பாத்தியம் என்று ஆகிவிட்டால், மெக்கானிக் எதற்குச் சோதிப்பார்? மாற்றிக்கொண்டுதான் இருப்பார். நான் சோதனைக்குத் தனிக் கூலி வாங்குகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் அந்தக் கூலி உண்டு. எப்போதாவது வந்து எப்போதாவது போகிற கோளாறுக்கு, “இன்னும் தெரியலைங்க, மறுபடி வர்றப்போ உடனே கூப்பிடுங்க” என்று சொல்லத் தயங்காத மெக்கானிக் உங்களுக்குக் கிடைத்திருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

காகிதங்களை அலட்சியம் செய்ய வேண்டாம். வேலை ஆரம்பிக்கும் முன் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். கோளாறுக் கோடு எண்ணை அழிப்பதற்கு முன் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்த நேரத்தில் வேகம், சூடு எல்லாம் என்ன இருந்தது என்ற பதிவும் கோடோடு சேர்ந்து அழிந்துபோகும். கழற்றிய பழைய ஸ்பேரைக் கேளுங்கள், வாரன்டியில் மாற்றியது என்றால் அது கம்பெனிக்குத் திரும்பிப் போகலாம், மற்றதை உங்களிடம் காட்டத் தடையில்லை. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். செய்த வேலைக்கு பில் தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. அங்கே போனால் உங்கள் கையில் இருக்கும் ஜாப் கார்டும் பில்லும்தான் பேசும். பெரிய செலவு என்றால் வேறொரு இடத்தில் காட்டுங்கள், ஆனால் முதல் இடத்தில் சொன்னதைச் சொல்லாதீர்கள். சொன்னால் இரண்டாமவர் அதையே பிடித்துக்கொண்டு அங்கேயே தேடுவார்.

எங்கள் ஒர்க்ஷாப் ஜாப் கார்டில் ‘மாற்ற வேண்டிய பாகம்’ என்ற கட்டத்துக்கு முன்னால் ‘சோதித்தது, கிடைத்த அளவு’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அது காலியாக இருந்தால் ஸ்பேர்ஸ் ஆர்டர் போகாது. பசங்களுக்கு முதலில் இது பெரிய தொல்லையாக இருந்தது, எழுதுகிற நேரத்தில் இன்னொரு வண்டியை முடித்துவிடலாமே என்று முணுமுணுத்தார்கள். இப்போது வண்டிக்காரர்கள் அந்தக் கட்டத்தைப் படித்துவிட்டு, “இந்த 1.5ன்னா என்னங்க தம்பி?” என்று அவர்களிடமே கேட்கிறார்கள். பசங்களும் மீட்டரை எடுத்துவந்து வைத்துக் காட்டுகிறார்கள்.