சராசரிக் கணக்கில் ஓடாத ஆறு: நீர் எடுப்பு உரிமம் புதுப்பித்த அனுபவம்

நான் வேலை செய்வது ஆற்றங்கரையில் இருக்கும் ஓர் ஆலையில். தண்ணீர் என் பொறுப்பு. ஆற்றிலிருந்து வினாடிக்கு அரை கனமீட்டர், அதாவது 500 லிட்டர் எடுக்க எங்களுக்கு உரிமம் இருந்தது. முன்பெல்லாம் அதைப் புதுப்பிக்க ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் போதும். இந்தத் தடவை இருபத்திரண்டு மாதம் பிடித்தது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதல் கூட்டத்துக்கு நாங்கள் கொண்டுபோன அறிக்கையில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது. ஆற்றின் ஆண்டுச் சராசரி நீரோட்டம் வினாடிக்கு 12 கனமீட்டர், நாங்கள் எடுப்பது அதில் சுமார் 4 சதவீதம்தான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. உரிமம் தரும் அலுவலகத்தின் நீரியல் நிபுணர் அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "போன கோடையில் ஆறு ரொம்ப மெலிந்து ஓடிய ஏழு நாள் இருக்குமே, அப்போது எவ்வளவு ஓடியது?" எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

ஆலைக்குத் திரும்பியதும் அளவீட்டு நிலையத்தின் தினசரிப் பதிவை எடுத்துப் பார்த்தேன். 1.5 கனமீட்டர். அதில் அரை கனமீட்டரை, மூன்றில் ஒரு பங்கை, நாங்கள் இழுத்திருக்கிறோம். எங்கள் பம்ப் ஹவுஸுக்குக் கீழே அந்த வாரம் மிச்சம் ஓடியது ஒரு கனமீட்டர். சராசரியில் 4 சதவீதமாகத் தெரிந்தது, ஆற்றுக்குத் தேவையான நேரத்தில் 33 சதவீதமாக இருந்திருக்கிறது. அந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டிவைத்தேன். பிறகு செய்த எல்லா வேலையும் அங்கிருந்துதான் தொடங்கியது.

முதல் வேலை பதிவுகளைச் சரிபார்ப்பது. பார்க்க எளிதாக இருக்கும், நான்கு மாதம் தின்றது. அளவீட்டு நிலையம் எங்களுக்கு மேலே இருக்கிறது, நடுவில் ஒரு கிளையாறு வந்து சேர்கிறது, அதைக் கூட்டவேண்டும். நிலையத்துக்கு மேலேயும் சிலர் நீர் எடுக்கிறார்கள். அவர்கள் எடுத்ததைத் திரும்பக் கூட்டினால்தான் ஆற்றின் இயல்பான ஓட்டம் தெரியும். இல்லாவிட்டால் ஏற்கெனவே மெலிந்த ஆற்றையே 'இயற்கை' என்று வைத்துக் கணக்குப் போடுவோம். முப்பது வருடத் தினசரி எண்களை இப்படித் திருத்தியதும், கடும் வறட்சியில் எத்தனை நாள் தொடர்ந்து ஆறு மெலிகிறது என்பது கிடைத்தது. என் கருத்தில், ஆலோசகரிடம் ஒப்படைக்காமல் ஆலையில் இருப்பவரே உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை இது. அந்த எண்கள் கைக்குப் பழகாமல் பேச்சுவார்த்தையில் உட்காரமுடியாது.

சரி, ஆற்றுக்கு எவ்வளவு விடவேண்டும்? இதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா மாநிலங்களின் ஓடைகளை அளந்து, டான் டெனன்ட் என்பவர் 1976-ல் வெளியிட்டது. ஆண்டுச் சராசரியில் 10 சதவீதம் ஓடினால் மீன்கள் கொஞ்ச காலம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், 30 சதவீதம் ஓடினால் ஓரளவு நன்றாக வாழும் என்பது அதன் சாரம். எங்கள் ஆற்றுக்கு 10 சதவீதம் என்றால் 1.2 கனமீட்டர். நாங்கள் விட்டுவைத்ததோ 1. நிபுணர் இந்த அளவுகோலை முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு ஆறுகளில் அளந்த விகிதம் இது, உங்கள் ஆற்றில் நீங்களே இறங்கி அளந்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இறங்கினோம். நீர் எடுக்கும் இடத்துக்கும் எங்கள் கழிவுநீர் திரும்பச் சேரும் இடத்துக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர் இருக்கிறது. முழுப் பாதிப்பும் விழுவது அந்த மூன்று கிலோமீட்டரில்தான். அதில் ஏழெட்டு இடங்களில் ஆறு ஆழமில்லாமல் கற்கள்மேல் சலசலத்து ஓடும். மற்ற இடமெல்லாம் மடு. பதினான்கு குறுக்குக் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் அரை மீட்டருக்கு ஒரு தடவை ஆழம், வேகம், அடியில் மணலா பரலா பெரிய கல்லா என்று குறித்தோம். ஆழம் குறைந்த இடத்தில் வேகத்தை நீர்மட்டத்திலிருந்து கீழே ஆழத்தின் 60 சதவீதத்தில் அளப்பார்கள், அங்கே கிடைப்பது அந்த நிலைக்குத்தின் சராசரி வேகத்துக்கு நெருக்கமாக இருக்கும். அதிக, நடுத்தர, குறைந்த ஓட்டம் மூன்றிலும் இதைச் செய்யவேண்டும். குறைந்த ஓட்டத்துக்காக மட்டும் ஏழு மாதம் காத்திருந்தோம். ஆறு நம் அட்டவணைப்படி மெலியாது. திட்டம் போடும்போதே ஒரு முழு வருடத்தைக் களவேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அந்த வேலையில்தான் கல்லைப் புரட்டிப் பார்க்கக் கற்றேன். கூட வந்த உயிரியலாளர் சலசலப்பு ஓட்டத்தில் உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கத்தில் மேஃப்ளை பூச்சியின் இளம்பருவம் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. தட்டையான உடல், பக்கவாட்டில் செவுள்கள் மெல்லத் துடித்தன. பக்கத்தில் சின்ன மணல் துகள்களை ஒட்டிக் கட்டிய ஒரு கூடு, அதற்குள் இன்னொரு புழு. ஓடும் நீர் கொண்டுவரும் ஆக்சிஜனை நம்பி இருக்கிறவை இவை. மீன்குஞ்சுகளுக்கு இவைதான் சாப்பாடு. பரல் கற்களின் இடுக்கில் சில மீன்கள் முட்டையும் இடுகின்றன. நீர் குறையும்போது மடு கடைசிவரை மடுவாகவே இருக்கும், கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஆறு நிறைந்திருப்பதாகத் தோன்றும். முதலில் காய்வது இந்தச் சலசலப்புதான். பத்து வருடமாக நான் பம்ப் ஹவுஸ் ஜன்னலிலிருந்து பார்த்தது மடுவை மட்டும்.

மூன்று தடவை அளந்ததை வைத்து, நீரோட்டம் மாறும்போது நனைந்த படுகையின் அகலம் எப்படி மாறுகிறது என்று ஒரு வரைபடம் வரைந்தோம். ஓட்டம் கூடக்கூட அகலம் வேகமாக ஏறி, ஓர் இடத்தில் கோடு வளைந்து, அதன்பிறகு மெதுவாகத்தான் ஏறுகிறது. அந்த வளைவுக்குக் கீழே ஒவ்வொரு லிட்டர் குறைவுக்கும் நிறையப் படுகை காய்ந்துபோகும். எங்களுக்கு அது 2.2 கனமீட்டரில் வந்தது. வளைவு எங்கே தொடங்குகிறது என்பதில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. வரைபடத்தின் அச்சை நீட்டினாலோ சுருக்கினாலோ கண்ணுக்கு அது நகர்ந்து தெரியும், அதனால் சாய்வைக் கணக்கிட்டு முடிவு செய்தோம். ஒவ்வொரு உயிருக்கும் தோதான ஓட்டம் வேறு என்பதும் தெரிந்தது. மடுவில் வாழும் பெரிய மீனுக்கு 1.5 போதும், குஞ்சுக்கும் பூச்சிக்கும் போதாது. எல்லோருக்கும் பொருந்தும் ஒற்றை எண் என்று ஒன்று கிடையாது. தாங்கமுடியாதவர் யாரோ அவரை வைத்து எண்ணை நிறுத்தினோம்.

நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ஒரு விடியற்காலை ஆலையில் தொட்டி நிரம்பவில்லை என்று இரண்டு பம்பையும் ஒன்றாகப் போட்டுவிட்டார்கள். அன்று களவேலைக்காக ஆறு மணிக்கே ஆற்றில் இருந்தேன். கரையோரப் பரல்மேட்டில் முந்தின நாள் கணுக்கால் அளவு இருந்த நீர் வடிந்து, தட்டு அளவுக் குட்டைகளாக நின்றது. ஒரு குட்டையில் நகத்தின் நீளம்கூட இல்லாத குஞ்சுகள் முப்பது நாற்பது இருக்கும், எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. வாளியில் அள்ளி ஓட்டத்தில் விட்டோம். இரண்டு குட்டைகள் அதற்குள் காய்ந்தே போயிருந்தன. அன்றைய மொத்த எடுப்பு உரிம அளவுக்குள்தான் இருந்தது, விதிப்படி எந்தத் தவறும் இல்லை. நீர்மட்டம் இறங்கிய வேகம்தான் அவற்றைக் கொன்றது. பம்ப் ஹவுஸில் மூத்த ஆபரேட்டரிடம் சொன்னபோது அவர், "தம்பி, நான் எப்பவும் ஒன்றைப் போட்டு ஒரு மணி நேரம் விட்டுத்தான் அடுத்ததைப் போடுவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை" என்றார். அவருடைய பழக்கம் இப்போது உரிமத்தில் ஒரு நிபந்தனை. கீழ்ப்பகுதியில் நீர்மட்டம் மணிக்கு 3 செ.மீ.க்கு மேல் இறங்கக்கூடாது. அதற்காகப் பம்புகளுக்கு வேகத்தைப் படிப்படியாக மாற்றும் டிரைவ் வைத்தோம்.

அப்புறம் ஆலைக்குள் வந்தோம். அரை கனமீட்டரில் 0.4 போவது கூலிங் டவருக்கு. அங்கே நீர் ஆவியாக ஆக உப்பு சேரும், ஒரு அளவுக்கு மேல் சேராமல் கொஞ்சம் நீரை வெளியே விடுவோம், அதுதான் ப்ளோடவுன். உப்பு மூன்று மடங்கு சேர்ந்ததுமே வெளியே விட்டுக்கொண்டிருந்தோம். சிலிக்கா, கால்சியம் படியாமல் பார்த்துக்கொண்டால் ஆறு மடங்கு வரை போகலாம். ஆவியாகும் அளவு மாறாது, ஆனால் உள்ளே எடுக்கவேண்டியது 20 சதவீதம் குறைகிறது: 0.4 என்பது 0.32 ஆனது. கசிவுகளை அடைத்து, வடிகட்டிகளைக் கழுவிய நீரைத் திருப்பியதில் இன்னும் 0.02. மொத்தம் 0.5-லிருந்து 0.4-க்கு இறங்கினோம்.

பெருமையோடு கொண்டுபோன இந்தக் கணக்கை நிபுணர் ஒரு கேள்வியில் பிரித்துப்போட்டார். எடுப்பது குறைந்தது சரி, திரும்ப விடுவதும் அதே அளவு குறைந்ததே, ஆற்றிலிருந்து நிரந்தரமாகப் போவது எவ்வளவு குறைந்தது? கூலிங் டவரைப் பொறுத்தவரை ஒன்றுமே குறையவில்லை. அந்த மூன்று கிலோமீட்டருக்கு மட்டும்தான் இது லாபம், அதற்குக் கீழே பழையபடிதான். அதோடு குறைந்த நீரில் அதே உப்பு அடர்ந்து வருகிறது. வெளியேற்றும் நீரின் உப்புக்கும் வெப்பத்துக்கும் தனி வரம்பு வந்தது இதனால்தான். இந்த இரண்டு கணக்கையும் முதல் நாளே பிரித்து வைத்துவிடுங்கள், எங்களுக்கு இரண்டு மாதம் வீணானது.

நீர் உள்ளே நுழையும் இடத்துச் சல்லடையும் மாறியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2014-ல் ஏற்கெனவே இயங்கும் ஆலைகளுக்குக் கொண்டுவந்த விதியில், சல்லடைக்குள் நீர் நுழையும் வேகம் வினாடிக்கு அரை அடிக்கு மிகாமல் இருப்பது ஏற்கப்படும் வழிகளில் ஒன்று. அது 15 செ.மீ. மெதுவான இழுப்பில் மீனால் நீந்தி விலகமுடியும். 0.4 கனமீட்டருக்கு அந்த வேகம் வேண்டுமென்றால் அடைப்பில்லாத திறப்பு 2.7 சதுர மீட்டர் தேவை. இலை, பாசி அடைத்துப் பாதி போனால் வேகம் இரட்டிப்பாகும், ஆகவே இரண்டு மடங்கு பெரிதாகவே வைத்தோம்.

கடைசியில் எழுதிய உரிமத்தில் ஒற்றை எண் கிடையாது. இயல்பு ஓட்டம் 4 கனமீட்டருக்கு மேல் இருந்தால் முழு 0.4 எடுக்கலாம். 4-க்கும் 2.2-க்கும் நடுவில் அன்றைய ஓட்டத்தில் 10 சதவீதம். 2.2-க்குக் கீழே போனால் 0.1 மட்டும். அந்தப் 10 சதவீதத்துக்கு ஆதாரம், ஆற்று நீரோட்டத்தை ஆராய்ந்த ப்ரையன் ரிக்டரும் மற்றவர்களும் 2012-ல் முன்வைத்த பரிந்துரை. அன்றாட ஓட்டம் பத்து சதவீதத்துக்குள் மாறினால் ஆற்றுக்கு உயர்ந்த பாதுகாப்பு கிடைக்கும் என்கிறது அது.

2.2-க்குக் கீழே நாள் ஒன்றுக்கு எங்களுக்கு 25,920 கனமீட்டர் துண்டு விழும். பதிவில் அப்படித் தொடர்ந்த நீண்ட காலம் 23 நாள். அத்தனைக்கும் குளம் வெட்ட இடம் இல்லை. இங்கே வழி காட்டியது பராமரிப்புப் பிரிவு. வருடாந்திரப் பராமரிப்புக்காக ஆலையை 14 நாள் நிறுத்துவது வழக்கம், அதுவரை அது ஆற்றில் நீர் நிறைய ஓடும் மாதத்தில் நடந்தது. அதை வறண்ட பருவத்துக்கு மாற்றி, எந்த வாரம் என்பதை ஆறு இறங்குவதைப் பார்த்து முடிவு செய்வது என்று வைத்தோம். மிச்சம் 9 நாளுக்கு மட்டும் குளம். ஒப்பந்தக்காரர்களைத் தேதி சொல்லாமல் காத்திருக்க வைப்பது சுலபமில்லை, அதற்குத் தனி ஒப்பந்தம் போடவேண்டி வந்தது. ஆனாலும் முழு உடன்பாட்டிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். குளத்தை நிரப்புவதிலும் ஒரு நிபந்தனை உண்டு: வறட்சி முடிந்து வரும் முதல் புதுவெள்ளத்தைத் தொடக்கூடாது. கற்களின் இடுக்கில் அடைந்த வண்டலைக் கழுவுவது அந்த நீர்தான்.

குளம் வெட்டி முடிந்த பிறகு வந்த முதல் வறண்ட பருவத்தில், ஒரு நாள் காலை ஓட்டம் 2.1 காட்டியது. பம்புகளின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து ஒன்றை நிறுத்தினோம். ஐந்தாவது நாள் மூன்று கிலோமீட்டரும் நடந்து போனேன். பழைய பரல்மேட்டில் நீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கல்லைத் திருப்பிப் பார்த்தேன், பூச்சிகள் இருந்தன. அப்படியே பழையபடி வைத்தேன்.

மீதி இருப்பது மேலே நீர் எடுக்கும் மற்றவர்கள். கனடாவின் அல்பர்ட்டாவில், அதபாஸ்கா ஆற்றில் நீர் எடுக்கும் எண்ணெய் கலந்த மணலைத் தோண்டும் சுரங்க நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாரவாரம் மாறும் பொது வரம்பு 2015-ன் ஒழுங்குமுறையில் இருக்கிறது. அதேபோல் ஒன்றை இங்கேயும் கேட்டு, எங்கள் முப்பது வருடக் கணக்கையும் களக்குறிப்புகளையும் மேலே இருக்கும் இரண்டு ஆலைகளுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். போன கோடையின் மிக மெலிந்த ஏழு நாளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார்.